கொழுந்தியாள் போனில் என் மனைவியின் சிம்

என் மனைவி மஸ்கட்டில் நர்ஸ். நான் குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் தரம் பிரிக்கிறவன். அவளுடைய இந்திய சிம் கார்டு ஐந்து வருஷம் நெய்யூரில், அவள் தங்கையின் போனில் கிடந்தது. இதில் எது உனக்குப் பொறுக்கவில்லை என்று யாராவது கேட்டால், மனைவி கடல் தாண்டி இருந்ததையோ, எத்தனை சோப்புப் போட்டாலும் என் சட்டையை விட்டுப் போகாத ரப்பர் புகை வாடையையோ சொல்லமாட்டேன். அந்த சிம்மைத்தான் சொல்வேன்.

எங்கள் பக்கத்தில் கல்ஃபுக்குப் போகிறவர்கள் பழைய நம்பரை விடமாட்டார்கள். ஆதார், கேஸ், ரேஷன், பாஸ்போர்ட், மெயில் எல்லாம் அந்த நம்பரோடு கட்டிப்போட்டிருக்கும். எதைத் திறக்கவேண்டுமானாலும் அதற்குத்தான் ஓடிபி வரும். அங்கே கொண்டுபோனால் கட்டுப்படியாகாது என்று, விமானம் ஏறுவதற்கு முன்னால் சிம்மைக் கழற்றி ஊரில் ஒருவர் போனில் போட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில்கூடக் கொடுத்துவிட்டுப் போகலாம். சிம்மை அப்படிக் கொடுக்கமாட்டார்கள். கல்யாணம் ஆகாதவர்களுடையது அம்மாவிடம் இருக்கும், ஆனவர்களுடையது கட்டினவரிடம் இருக்கும். ஒருத்தி மனசுக்குள் யாரை நம்புகிறாள் என்று கண்டுபிடிக்க வேறு ஆராய்ச்சி வேண்டாம், அவள் சிம் யார் போனில் கிடக்கிறது என்று பார்த்தால் போதும். கடையில் என்னோடு வேலை செய்கிறவன் ஒருநாள், "ஏலே, உனக்க பொண்டாட்டிக்க நம்பரு உனக்க போன்லதானே கெடக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க அவனோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கேஸ் இணைப்பு என் மனைவி பெயரில் இருந்தது. சிலிண்டர் கொண்டுவருகிறவர் அதை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, "நம்பரு சொல்லுங்க சார்" என்பார். நான் நெய்யூருக்குப் போன் போடுவேன். கொழுந்தியாள் ஆரம்பப் பள்ளி டீச்சர். வகுப்பில் இருப்பாள், அல்லது மீன் கழுவிக்கொண்டிருப்பாள், அல்லது பாடகர் குழுவில் பயிற்சியில் இருப்பாள். எங்கே இருந்தாலும் எடுத்துவிடுவாள், அதை மறுக்கமுடியாது. "ஒரு நிமிஷம் அத்தான், கையெல்லாம் செதிலு" என்று சொல்லிக் கையைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாகப் பிரித்து வாசிப்பாள். வாசித்து முடித்ததும், "கேட்டியளா அத்தான்? எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்பம்" என்பாள். நாற்பத்தெட்டு வயதில், என் சொந்த வீட்டு வாசலில், சிலிண்டர்காரர் முன்னால் நின்றுகொண்டு நான் இரண்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எண்களைத் திருப்பிச் சொல்வேன். சரியாகச் சொன்னால் "ம்ம், கொள்ளாம்" என்று பாராட்டும் கிடைக்கும்.

ரயில் டிக்கெட்டுக்கு அவள், ரேஷன் கார்டில் திருத்தத்துக்கு அவள். மனைவியின் மெயிலில் கிடக்கும் எங்கள் மகளின் மதிப்பெண் பட்டியலை ஒரு பிரதி எடுக்கக்கூட அவள்தான். அதையெல்லாம் விட எனக்கு ஆறாமல் இருந்தது வேறொன்று. ஒரு வருஷம் மனைவி லீவுக்கு டிக்கெட் போட்ட உடனே விமானக் கம்பெனியிலிருந்து செய்தி அந்த நம்பருக்கு வந்திருக்கிறது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு என் சர்க்கரையைப் பார்க்கப் போயிருந்தேன். அப்படியே கொழுந்தியாள் வீட்டிலும் தலையைக் காட்டினேன். காப்பியைக் கையில் கொடுத்துக்கொண்டே, "அக்கா பன்னெண்டாம் தேதி வாறால்லியா அத்தான், என்ன மீன் வாங்கலாம்?" என்றாள். எனக்கு எதுவும் தெரியாது. "வாங்குவோம், பாப்போம்" என்று தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். கட்டின புருஷனுக்கு மனைவி வருகிற தேதி அவள் தங்கையின் வாயிலிருந்து தெரியவேண்டியிருக்கிறது. அன்று மாலை மனைவி வீடியோவில் வந்து ஆசையாகத் தேதியைச் சொன்னபோது, "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் சின்னதாகிப்போனது. அதற்கும் கொழுந்தியாள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

நியாயமாகச் சொல்லவேண்டுமென்றால் அவள் நல்லவள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சிம் முதலில் என்னிடம்தான் இருந்தது. அதையும் சொல்லவேண்டும். மனைவி போன முதல் இரண்டு வருஷம் என் போனில் இரண்டாவது இடத்தில் அதுதான் இருந்தது. அந்த நாட்களில் அவளுக்கு ஓடிபி வந்தால், கடையில் ஷீட் அடுக்குகிற சத்தத்துக்கு மேல் கத்தி மூன்று தடவை சொல்வேன். கடையில் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களும் கேட்டால் என்ன, நம்ம ஆட்கள்தானே என்று நினைத்தேன். பாஸ்வேர்டுகளை எல்லாம் முன்னறையில் தொங்கிய காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். வருஷம் முடிந்ததும் அந்தக் காலண்டர் தாளில் யாரோ மத்தி மீன் பொதிந்து கொண்டுபோனார்கள். இதெல்லாம்கூட அவளுக்குத் தெரியாது. கடைசியில் அவள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிற சமயத்தில், வீட்டில் இருந்த நகலின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து ஏஜெண்டுக்கு அனுப்பச் சொன்னாள். நான் எங்கள் சபை குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். நூற்றைம்பது வீட்டுக்காரர்கள் அவளுடைய பிறந்த தேதியையும், தாய் தகப்பன் பெயரையும், பாஸ்போர்ட் நம்பரையும் பார்த்தார்கள். பெண்கள் ஐக்கியத்தில் அவள் தன் வயதை மூன்று குறைத்துச் சொல்லிவைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும், அவர்களுக்கும் அப்போதுதான் தெரியும். அழிப்பதற்குள் பத்துப் பேர் ஆமென் போட்டுவிட்டார்கள்.

அடுத்த லீவில் அவள் என் போனிலிருந்து சிம்மைக் கழற்றினாள். "இஞ்ச பாருங்க, நீங்க நல்ல மனுஷனாக்கும். ஆனா உங்க வாயி மைக் செட்டாக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் அதைத் தங்கையின் போனில் போட்டபோது, ஊசியால் அந்தத் துளையைக் குத்துகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அத்தான்" என்றாள் கொழுந்தியாள். அந்த ஒண்ணுமில்லையை நான் ஐந்து வருஷம் மென்றுகொண்டிருந்தேன்.

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை, மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டு எடுக்கவேண்டும். அதில் அச்சடித்திருக்கிற வசனம்தான் அந்த வருஷம் முழுக்க நமக்குக் கிடைத்த வாக்கு. பல வருஷத்துக்கு முன் ஒரு புத்தாண்டு நாள், நாங்கள் எல்லாரும் நெய்யூர் வீட்டில் இருந்தபோது மனைவி வீடியோவில் வந்தாள். ஆஸ்பத்திரியில் பாஸ்வேர்டு பற்றி வகுப்பு எடுத்தார்களாம். "பெரிய எழுத்து வேணும், சின்ன எழுத்து வேணும், நம்பரு வேணும், ஏதாவது ஒரு குறியும் வேணும். வருஷத்துக்கு ஒருக்காவது மாத்தணும், மறக்கவும் கூடாது" என்றாள். கொழுந்தியாள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். "அக்கா, இது எல்லாம் இதில இருக்கே!" என்று கத்தினாள்.

உண்மையிலேயே இருந்தது. வசனம் வருகிற புத்தகத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் எழுத்து பெரியது, மற்றவை சின்னவை. பின்னால் அதிகாரத்தின் எண். அதற்குப் பிறகு குறிக்கு இரண்டு புள்ளிகள், பிறகு வசனத்தின் எண். வருஷா வருஷம் ஜனவரி முதல் தேதி தானாக மாறிவிடும். மறக்கவும் முடியாது, தினமும் ஜெபிக்கிறோமே. அடுத்த வருஷத்துக்குள் எங்கள் சபையில் பாதிப் பெண்கள் அந்த முறைக்கு மாறிவிட்டார்கள், நானும் மாறினேன். டீச்சர் சொல்லிக்கொடுத்தது என்று எல்லாருக்கும் பெருமை. அட்டையை என்ன செய்வோம்? படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவோம். லேமினேட் செய்து ஃபிரிட்ஜில் ஒட்டுவோம். வருகிறவர்கள் எல்லாம் நின்று வாசித்துவிட்டு, நல்ல வசனம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாஸ்வேர்டை வீட்டு முன்னறையில் ஒட்டிவைத்து அதற்கு ஸ்தோத்திரமும் சொன்ன ஜனங்கள் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை.

எனக்கு அது உறைத்தது இந்த வருஷ ஜனவரியில்தான். கொழுந்தியாள் வீட்டில் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன். கதவில் புது அட்டை பளபளவென்று இருந்தது. ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் கிடக்கிற மணல் தெரியும், அதே மாதிரி எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. இவளா பத்திரமானவள்? இவள் கையிலா என் மனைவியின் நம்பர்? என் வாயைப் பற்றிப் பேசினார்களே, இது என்ன? தண்ணீரைக் குடிக்காமலே டம்ளரை வைத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு ரொம்ப நாளாக வந்ததில்லை.

என் திட்டம் எளிமையானது. கொழுந்தியாள் மெயிலை அந்த வசனத்தால் திறந்து காட்டிவிட்டு, "பாத்தியா, உனக்க தங்கச்சிக்க பூட்டு இவ்வளவுதான்" என்று மனைவியிடம் சொல்லவேண்டும். சிம் தானாக என்னிடம் வந்துவிடும். அடுத்த நாள் மத்தியானம், கடையில் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு, ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற புகைப்புரைக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அவள் மெயில் முகவரியைப் போட்டேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்துகள், எண், இரண்டு புள்ளி, எண். முதல் தடவையிலேயே திறந்துகொண்டது.

அதோடு மூடியிருக்கவேண்டும். நிரூபிக்க வந்தது நிரூபணம் ஆகிவிட்டது. ஆனால் நான் தேடுகிற இடத்தில் என் மனைவியின் பெயரை அடித்தேன். எதற்கு என்று கேட்டால் என்னிடம் மரியாதையான பதில் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் மாதத்து மெயில் ஒன்று வந்தது. அதோடு ஒரு எக்ஸ்ரே. ஆஸ்பத்திரியில் பாத்திரம் கழுவுகிற அறையில் ஈரத்தில் வழுக்கி விழுந்து என் மனைவிக்கு வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. மூன்று வாரம் பிளாஸ்டர். எக்ஸ்ரேயை நெய்யூரில் டாக்டரிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்கச் சொல்லித் தங்கைக்கு அனுப்பியிருக்கிறாள். கீழே எழுதியிருந்தாள்: "அவங்களுக்குத் தெரியவேண்டாம். தெரிந்தால் சாப்பிடமாட்டாங்க. இல்லாவிட்டால் சபை முழுக்க ஜெபக்குறிப்பு வாசித்துவிடுவாங்க." அதற்குப் பதிலாகக் கொழுந்தியாள், டாக்டர் சொன்னதை வரிவரியாக எழுதியிருந்தாள். கடைசியில், "அத்தானிடம் மூச்சு விடமாட்டேன், நீ இடது கையால் சாப்பிடப் பழகு" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாள்.

அந்த மூன்று வாரமும் மனைவி என்னோடு வீடியோவில் பேசினாள். போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு முகத்தை மட்டும் காட்டினாள். களைப்பு என்று நினைத்தேன். ஒருநாள் கேஸ் தீர்ந்துபோனதற்காக அவளிடம் கால் மணி நேரம் சண்டைகூடப் போட்டேன். நான் அந்தக் கல்லில் உட்கார்ந்து எக்ஸ்ரேயைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் மனைவியின் கை எலும்பு. அதை மஸ்கட்டில் ஒரு டாக்டர் பார்த்திருக்கிறார், நெய்யூரில் ஒரு டாக்டர் பார்த்திருக்கிறார், கொழுந்தியாள் பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. மத்தியானச் சோற்றை அப்படியே கொட்டினேன்.

இப்போது ஒரு சிக்கல். கொழுந்தியாளின் மெயிலை நான்தான் திறந்தேன் என்று இனிமேல் சொல்லமுடியாது. சொன்னால், உள்ளே போய் என்ன பார்த்தீர்கள் என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். நான்கு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"அத்தான்!" குரல் நடுங்கியது. "எனக்க மெயிலுக்குள்ள எவனோ நொழஞ்சிருக்கான் அத்தான். புது போன்ல திறந்திருக்குன்னு செய்தி வந்திருக்கு. மத்தியானமாக்கும். நான் இப்பந்தான் கிளாஸ் முடிஞ்சு பாத்தேன்."

"யாரு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? அக்காளுக்க பாஸ்போர்ட்டு, விசா எல்லாம் அதிலயாக்கும் கெடக்கு. கள்ளப்பய என்ன செய்வானோ. நான் இப்பம் என்ன செய்ய அத்தான்?"

அழுகிறாள் என்று தெரிந்தது. அவள் என்னிடம் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ரொம்ப நிதானமாக, பெரிய மனுஷன் குரலில், பாஸ்வேர்டை மாற்று, எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "செஞ்சியா? எங்க, திருப்பிச் சொல்லு பாப்பம்" என்றேன். அவள் சொன்னாள். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம்கூட வெட்கம் வரவில்லை. இனிப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் மனைவி கூப்பிட்டாள். தங்கை எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நான் அட்டையைப் பற்றிச் சொன்னேன். ஃபிரிட்ஜில் ஒட்டினால் எவன் வேண்டுமானாலும் திறப்பான், வீட்டுக்கு டியூஷனுக்கு எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களுடைய தாய்தகப்பன் எத்தனை பேர் வருகிறார்கள் என்று அடுக்கினேன். "உனக்க நம்பரும் அவ போன்லயாக்கும் கெடக்கு. நாளைக்கு அதுக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றேன்.

"சரிதான். நீங்க சொல்லது நியாயந்தான்" என்றாள். "மே மாசம் வரும்பம் சிம்மை உங்க போன்லயே போட்டுடுவோம். நீங்களும் இப்பம் முன்னப்போல இல்ல, வெவரமாத்தான் இருக்கிய."

ஐந்து வருஷம் நான் காத்திருந்த வார்த்தை அது. எங்கள் வீட்டு முற்றத்தில் பலா மரத்தடியில் நின்று கேட்டேன். அப்படியே போனை வைத்திருந்தால் எல்லாம் நான் நினைத்த மாதிரி முடிந்திருக்கும். ஆனால் அந்த எக்ஸ்ரே இரவு முழுக்க என்னைப் படுத்தியிருந்தது. அவள் அவ்வளவு அன்பாகப் பேசினதும் என்னால் அடக்கமுடியவில்லை.

"கை இப்பம் எப்படி இருக்கு? வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்தக் கை?"

போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினேன்.

"எனக்க கையப் பத்தி உங்ககிட்ட நான் ஒண்ணும் பறையல்லியே" என்றாள்.

என் வாயை மைக் செட் என்று அவள் சொன்னது சரிதான். இருந்தாலும் அந்த நேரத்தில் தப்பிக்க எனக்கு ஒரு வழி தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். "உனக்க தங்கச்சிதான் சொன்னா. பேச்சுவாக்கில சொல்லிட்டா, பாவம், நீ அவள ஒண்ணும் கேக்காத" என்றேன்.

"அவ சொல்லமாட்டா" என்றாள் என் மனைவி.

யோசித்துச் சொல்லவில்லை. தங்கையிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. உடனே சொன்னாள். எங்கள் இருபது வருஷத்தில் என்னைப் பற்றி அவள் யாரிடமாவது அப்படிச் சொல்லியிருப்பாளா? அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது. மாட்டிக்கொண்ட பயத்தைவிட அந்த ஒற்றைப் பேச்சின் மேல் வந்த பொறாமைதான் பெரிதாக இருந்தது.

"நீங்கதானா அது?"

பலா மரத்தில் எறும்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி" என்றாள். "அவளுக்கு இது தெரியாண்டாம். தெரிஞ்சா அவ இனி உங்க மூஞ்சில முழிக்கமாட்டா. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் நெய்யூர் போனது இரண்டு வாரம் கழித்து. போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். கொழுந்தியாள் ஃபிரிட்ஜில் அட்டை இல்லை, பசை ஒட்டின தடம் மட்டும் இருந்தது. சபையில் எல்லாரிடமும் சொல்லி எல்லாரையும் மாற்ற வைத்துவிட்டாளாம். எனக்கு நெய்மீன் வறுத்து, மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்திருந்தாள். பரிமாறிக்கொண்டே அந்தக் கள்ளனைத் திட்டினாள். "எனக்க மெயில்ல என்ன இருக்குன்னு பாத்தான், அக்காவும் நானும் பேசின குடும்பக் கதைய வாசிச்சு அவனுக்கு என்ன கிட்டப்போவுது? வெக்கமில்லாத்த சவம்!" என்றாள். "இன்னொரு துண்டு போடட்டா அத்தான்?"

போடு என்றேன். முள்ளைக் கவனித்துத் தின்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கு நீங்க மட்டும் இல்லன்னா நான் பயந்தே செத்திருப்பேன்" என்றாள். "புது பாஸ்வேர்டு என்னன்னு உங்ககிட்ட சொல்லி வைக்கட்டா? மறந்துட்டா கேக்கலாமில்லியா."

"எனக்கிட்ட சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். நான் சொன்ன ஒரே நல்ல ஆலோசனை அதுதான். அவள் அதைப் பெரிய குணம் என்று நினைத்துக்கொண்டாள், மனைவியிடமும் சொல்லியிருக்கிறாள். மனைவி என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

மே மாதம் மனைவி வந்தாள். வலது கையால் பெட்டியைத் தூக்காமல் இடது கையால் தூக்கினாள். நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன், இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்த விஷயத்தையும் அவள் எடுக்கவே இல்லை. எனக்கு அதனால் ஒரு நப்பாசை வந்தது. என் போனில் இரண்டாவது இடத்தைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தேன். மேசை மேல், அவள் கண்ணில் படுகிற இடத்தில் போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியாள் வந்தாள். நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற எங்கள் மகளும் வீட்டில் இருந்தாள், அவளுக்குப் போன வாரம்தான் பதினெட்டு முடிந்திருந்தது. கொழுந்தியாள் தன் போனிலிருந்து சிம்மைக் கழற்றி, ஒரு சின்னத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். "இந்தா அக்கா. இனி அத்தான் பாடு" என்று சிரித்தாள்.

மனைவி அதை வாங்கி, மகளின் போனை எடுத்து அதில் போட்டாள்.

"அத்தானுக்கு இல்லியா?" என்று கொழுந்தியாள் கேட்டாள்.

"அவங்களுக்குக் கடையில எங்க நேரம்" என்றாள் மனைவி. என் பக்கம் பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அவள் என்னை அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. மகள் ஒன்றும் புரியாமல், பெரிய பொறுப்பு கிடைத்த பெருமையில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் பிள்ளைதான், நான் தூக்கி வளர்த்ததுதான். அவள் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது என்பதை எழுதாமல் விட்டால் இதுவரை எழுதினதற்கு அர்த்தமில்லை.

மனைவி திரும்பிப் போன பிறகு, கரண்ட் கனெக்‌ஷனோடு ஆதாரை இணைக்கவேண்டும் என்று குலசேகரத்தில் இ-சேவை மையத்துக்குப் போனேன். வீடு மனைவி பெயரில் இருப்பதால் அவள் ஆதார்தான் வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்த பெண் விவரத்தை அடித்துவிட்டு, ஓடிபி போயிருக்கும் என்றாள். ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன்.

"என்னத்துக்குப்பா?" என்றாள் மகள்.

விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க நிக்கிய? பக்கத்தில யாரு இருக்கா?"

சொன்னேன்.

"அந்த அக்காகிட்ட போனைக் குடுங்க. நான் அவங்ககிட்டயே சொல்லுதேன். அம்மா அப்படித்தான் பண்ணச் சொல்லியிருக்கா."

போனைக் கொடுத்தேன். முன்பின் தெரியாத அந்தப் பெண் என் மகளிடம் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லி, ஆறு எண்களைக் கேட்டு அடித்துவிட்டு, போனை என்னிடம் திருப்பித் தந்தாள். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். வேலை முடிந்துவிட்டது சார், போகலாம் என்றாள். போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ஐந்து வருஷம் எத்தனையோ தடவை நான் நம்பர் கேட்டிருக்கிறேன். என் கொழுந்தியாள் ஒருநாளும் என்னத்துக்கு என்று கேட்டதில்லை.